மாமாவுக்கு ஆகாத பல்

மேல்லயத்து வரிசை வீடுகளில் என்னோடு வளர்ந்தவர்களுக்கு என் பேர் மறந்திருக்கலாம். 'தங்கப்பல்லு' என்றால் தெரியும். நீங்கள்தான் அந்தப் பேரை வைத்தது. பீலியில் தண்ணீருக்கு வாளியை வைத்துவிட்டு நிற்கும்போது, "ஏ தங்கப்பல்லு, வாயத் தெறடி" என்பீர்கள். நான் தலையை நிமிர்த்தித் திறப்பேன். ஒருத்தர்மேல் ஒருத்தர் சாய்ந்துகொண்டு பார்ப்பீர்கள். மேல்வரிசைப் பல்லில் எல்லாம் கம்பி ஓடும். அண்ணத்தில் ஒரு ஓட்டையிலிருந்து எறும்புத் தடிமனில் ஒரு சங்கிலி வந்து அந்தக் கம்பியில் மாட்டியிருக்கும். மஞ்சள் நிறம். அது தங்கமா இல்லையா என்று எனக்கும் தெரியாது. தங்கம் என்றுதான் சொன்னேன்.

ஒருநாள் அந்தச் சங்கிலி என் வாயில் இல்லை. எங்கே என்று கேட்டீர்கள். வித்துட்டாங்களா என்று கேட்டீர்கள். அம்மா சொல்லக் கூடாது என்றிருந்தாள்.

இப்போது சொல்கிறேன். நீங்கள் எல்லாம் கொழும்புக் கடைகளில் இருக்கிறீர்கள், சிலர் வெளிநாட்டில். எனக்கு எழுத அவ்வளவாக வராது, எட்டாம் வகுப்போடு நின்றவள். மாமா போன பிறகு வீட்டில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. வாயை மூடிக்கொண்டு எவ்வளவு நாள்தான் இருப்பது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. உங்களுக்குத் தெரியும், அட்டன் டவுன் பேக்கரியில் வேலை செய்தவர். லயத்துக்கு வந்தால் சட்டையிலிருந்து ஈஸ்ட் வாசம் அடிக்கும், காது மடிப்பில் மாவு ஒட்டியிருக்கும். என்னை 'மருமகளே' என்றுதான் கூப்பிடுவார். நான் பிறந்தபோது அவருக்குப் பத்து வயது இருக்கும்.

குழந்தைக்கு முதல் பல் கீழே முளைக்க வேண்டும். எனக்கு மேலே முளைத்தது. மேல் பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். அம்மா பயந்துபோய் ஒரு மாதம் தன் தம்பியை வீட்டுப் பக்கமே விடவில்லையாம். அப்புறம் கோயில் பூசாரி சொன்னபடி ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றி, என்னைத் தூக்கிப் பிடித்து, எண்ணெயில் தெரிகிற என் முகத்தை மாமா முதலில் பார்க்கும்படி செய்தார்கள். அதற்குப் பிறகுதான் நேரில் பார்க்கலாம்.

மாமா இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். "எண்ணெயில பாத்தேன், என்னயப் பாத்து இளிக்குது. ஒத்தப் பல்லு. ஆகா, இதுதான் நம்மள முழுங்கப் போறதுன்னு அன்னைக்கே நெனச்சேன்."

அம்மா சிரிக்க மாட்டாள். "வாயக் கழுவு தம்பி" என்பாள்.

பல் பார்க்கிற மிஸ் பள்ளிக்கூடத்துக்கு வந்தது நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது. சிங்கள மிஸ். சன்னல் ஓரத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். என் முறை வந்தபோது, மேலே இடது பக்கத்துச் சிங்கப்பல்லை விரலால் ஆட்டிப் பார்த்தார். அது பால் பல். மற்றப் பிள்ளைகளுக்கு விழுந்து முளைத்துவிட்டது, எனக்கு விழவில்லை. ஈறில் விரலை வைத்து அழுத்தி அழுத்தித் தேடினார்.

"இங்க பல்லு முட்டுறது தெரிய வேணும். இல்ல. பல்லு வேற எங்கயோ போயிருக்கு தங்கச்சி" என்றார்.

பல் எங்கே போகும் என்று நான் யோசித்தேன். அவர் ஒரு துண்டு எழுதிக் கொடுத்து, கண்டிப் பக்கம் பெரிய பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னார்.

அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறவள், காலையில் பேர் பதிகிற பெரட்டில் நிற்காவிட்டால் மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கையா அன்றைக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். அப்பாவுக்குக் கொழுந்து அரைக்கிற ஸ்டோரில் ரோதை மெசினுக்கு எண்ணெய் போட்டு, பழுது பார்க்கிற வேலை, விட்டுவிட்டு வர முடியாது. மாமாதான், "நான் கூட்டிட்டுப் போறேன்க்கா, எனக்கு லீவு நாள்ல வேற என்ன வேல, படுத்துத்தான கெடப்பேன்" என்றார்.

அப்படித்தான் அந்தப் பயணம் தொடங்கியது. மாதம் ஒரு தடவை. விடிவதற்குள் அட்டன் ஸ்டேசனுக்கு வந்து நிற்போம். ரயில் வட்டவளையைத் தாண்டும்வரை மூடிய சன்னலில் பனி வழியும். நாவலப்பிட்டி வந்தால் சூடு. சுவெட்டரைக் கழற்றி மாமாவின் பைக்குள் வைப்பேன். எனக்குத் தெரிந்த உலகம் அதுவரை தோட்டமும் அட்டனும்தான். நாவலப்பிட்டியில் தென்னை மரம் பார்த்தது எனக்குப் பெரிய விசயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தது ஒரு யாழ்ப்பாணத்து லேடி டொக்டர். அவர் பேசுவது எனக்குப் பாதிதான் விளங்கும், ஆனால் கேட்கப் பிடிக்கும். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டி, மாமாவைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினார்.

"இஞ்ச பாருங்கோ. இதுதான் பிள்ளையின்ர வேட்டைப்பல்லு, நீங்கள் சிங்கப்பல்லு எண்டு சொல்லுறது. நேரா இறங்காமல் அண்ணத்துக்குள்ள சரிஞ்சு படுத்திட்டுது. நித்திரை கொள்ளுற மாதிரி."

"அப்பிடியே கெடந்தா என்னங்க டொக்டர்?" என்றார் மாமா.

"கிடக்கவும் கூடும். ஆனா இதின்ர முனையைப் பாருங்கோ, முன்பல்லின்ர வேரிலதான் முட்டிக்கொண்டு நிக்குது. விட்டா வேரை அரிச்சுப்போடும். பிறகு நல்ல பல்லும் விழுந்திடும். இப்ப வயசு சரி. பால் பல்லைக் கழட்டி, கம்பி போட்டு இடம் எடுத்து, அண்ணத்தைக் கொஞ்சம் வெட்டி, அந்தப் பல்லில ஒரு சங்கிலி ஒட்டி, மெல்ல மெல்லமா இழுத்துக்கொண்டு வருவம்."

"இழுத்தா வந்துருங்களா?"

"வரும். ஒரு கிளினிக்கும் விடாமல் வரவேணும். இடையில விட்டா அது அங்கயே நிண்டிடும். விளங்குதோ?"

மாமா பெரிய மனுசன் மாதிரித் தலையாட்டினார். வெளியே வந்ததும், "விளங்குதோ?" என்று அவர் மாதிரியே சொல்லிக் காட்டினார். ரயில் ஏறும்வரை எதற்கெடுத்தாலும் "விளங்குதோ?" தான்.

பால் பல்லைக் கழற்றித் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். லயத்துத் தகரக் கூரைமேல் எறிந்தேன். டொங் என்று விழுந்து உருண்டு பீலித் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலுக்குள் போய்விட்டது. பிறகு பல் பல்லாகக் கம்பி ஒட்டினார்கள். அன்றைக்கு வாயெல்லாம் இரும்பு ருசி. இரண்டு நாளைக்கு ரொட்டி கடிக்க முடியவில்லை, கன்னத்தின் உள்பக்கம் கிழிந்து புண்ணானது. அம்மா சோற்றைக் கரைத்துக் கஞ்சியாக்கிக் கொடுத்தாள்.

அண்ணத்தை வெட்டிய நாள்தான் மோசம். பல்லுக்குப் போடுகிற ஊசி பரவாயில்லை, அண்ணத்தில் போட்டால் கண்ணிலிருந்து தண்ணீர் தானாகவே கொட்டும். அப்புறம் மரத்துப்போனது. யாரோ தூரத்தில் என் வாயைச் சுரண்டுவதுபோல இருந்தது. கிராம்பு வாசத்தோடு ஒரு பசையை அடைத்து அனுப்பினார்கள். நான் வெளியே வந்து, வாயோரம் ரத்தத்தோடு மாமாவைப் பார்த்து நின்றேன். அவ்வளவுதான், மாமா அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் ஓடிவந்து அவருக்குத்தான் தண்ணீர் கொடுத்தது. அவருக்குத்தான் விசிறியது. நான் பக்கத்தில் நின்று அவர் பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அக்காட்ட சொல்லாத மருமகளே. பேக்கரியிலயும் சொல்லாத. மானம் போயிரும்."

பேக்கரியில் நான் சொன்னேன். பாண் போடுகிற அண்ணன்மார் ரொம்ப நாளைக்கு அவரை, "என்ன டொக்டர், ரத்தம் கித்தம் பாத்தீங்களா" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சண்டைக் காலத்தில் ஸ்டேசனில் சோதிப்பார்கள், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மாமாவிடம் அடையாள அட்டை இல்லை. நம் ஆட்களில் பாதிப் பேருக்கு இல்லை. ஒரு தடவை கண்டியில் ஒரு பொலிஸ்காரர் அவரைத் தனியாக நிறுத்திவிட்டார். மாமா சிங்களத்தில் பல், ஆஸ்பத்திரி என்று சொல்லிப் பார்த்தார், அவர் நம்பவில்லை. மாமா என் முகவாயைப் பிடித்துத் தூக்கி, "தெற மருமகளே" என்றார். நான் திறந்தேன். பொலிஸ்காரர் டோர்ச்சை அடித்துக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். இன்னொரு பொலிஸ்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு சங்கிலி வலிக்குமா என்று என்னிடம் சிங்களத்தில் கேட்டார். வலிக்காது என்றேன். போகச் சொல்லிவிட்டார்.

"ஒன் வாயிதான்டி எனக்கு ஐடென்டி காட்" என்றார் மாமா.

ஒவ்வொரு மாதமும் டொக்டர் சங்கிலியின் ஒரு கண்ணியை விட்டு அடுத்த கண்ணியில் ரப்பரை மாட்டுவார். அன்றைக்கு முழுக்க அண்ணம் விண் விண் என்று தெறிக்கும், மூக்குவரை இழுக்கும். திரும்பி வரும் ரயிலில் மாமா பேக்கரியிலிருந்து எடுத்துவந்த பனிஸைப் பிய்த்து, ஸ்டேசனில் வாங்கிய பிளேன்டீயில் ஊற வைத்துக் கொடுப்பார். சீனி மேலே ஒட்டிய பனிஸ். நாக்காலேயே நசுக்கித் தின்பேன். இன்றைக்கும் பசி என்று நினைத்தால் எனக்கு அந்த ஊறின பனிஸ்தான் நாக்கில் வரும்.

ஒருநாள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது நாக்கில் எதுவோ தட்டுப்பட்டது. அண்ணத்து ஓட்டையில், சங்கிலிக்குப் பக்கத்தில், உப்புக்கல் மாதிரி கரடாக ஒன்று. அன்றைக்குப் பாடம் எதுவும் கேட்கவில்லை. நாக்கை வைத்துத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா வந்தபோது வாசல் இஸ்தோப்பில் வெயிலுக்கு எதிராக நின்று வாயைத் திறந்தேன். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"வெள்ளையா தெரியுதுடி. அக்கா, இங்க வா, பல்லு வந்துருச்சு."

அம்மா வந்து பார்த்தாள். அடுப்பு ஊதின கண்ணோடு ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். சந்தோசப்படுகிறாள் என்று நினைத்தேன்.

டொக்டருக்கும் சந்தோசம். "கெட்டிக்காரப் பிள்ளை. இன்னும் கொஞ்ச மாசம்தான். வரிசையில கொண்டு வந்து நிப்பாட்டிடுவன்" என்றார்.

அதற்கு அடுத்த மாதம் மாமா வரவில்லை. பேக்கரியில் இருந்து ஒரு ஆள் வந்து, மாமாவுக்குக் காய்ச்சல், கண் மஞ்சளாகிவிட்டது, டவுன் ஆஸ்பத்திரியில் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னான். அம்மா கொழுந்துக் கூடையைக் கூட இறக்காமல் அப்படியே பஸ்ஸுக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"கை காலெல்லாம் மஞ்சளாப் போச்சு. எந்திரிச்சு உக்கார முடியல. என்னப் பாத்து, வந்துட்டியாக்கான்னு மட்டும் கேட்டான்."

அடுத்த காம்பரா வீட்டுப் பெரியம்மா அப்போது எங்கள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். கெட்ட மனுசி இல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் கசாயம் வைத்துக் கொண்டுவருகிறவர்தான்.

"நான் ஒண்ணு சொல்லுவேன், கோச்சுக்காத" என்றார் அம்மாவிடம். "இந்தப் புள்ளைக்கு மேப்பல்லு மொதல்ல மொளச்சிச்சுல்ல. மாமன முழுங்குற பல்லு. அது எந்தச் சாமி புண்ணியமோ, வெளிய வராம உள்ளயே படுத்துக்கிச்சு. நீங்க என்னடான்னா வெட்டி, சங்கிலி போட்டு, மாசா மாசம் இழுக்குறீங்க. அதுவும் யாரு கூட்டிட்டுப் போறது? அந்தப் பயலே கூட்டிட்டுப் போறான்."

அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை உங்களுக்கு எப்படிச் சொல்வது. என் முகத்தைப் பார்க்கவில்லை. வாயைப் பார்த்தாள்.

"மொனை தெரிஞ்ச அன்னையிலருந்து எனக்கு மனசு சரியில்ல பெரியம்மா" என்றாள்.

முதலில் முளைத்தது வேறு பல், அது பால் பல், அது எப்போதோ விழுந்துவிட்டது என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. எனக்கே அப்போது அது தோன்றவில்லை. எனக்கும் பயம்தான். மாமாவின் கண் மஞ்சளாகிறது, என் வாயில் பல் இறங்குகிறது. இரண்டும் ஒரே மாதம்.

அப்பா மட்டும் கொஞ்சம் தயங்கினார். "டொக்டரம்மா ஒரு கிளினிக்கும் விடக் கூடாதுன்னாங்களாமே."

"எந்தம்பி செத்தா ஒங்க டொக்டரம்மா வந்து குடுப்பாங்களா?" என்றாள் அம்மா. "எனக்குன்னு இருக்கிறது அவன் ஒருத்தன்தான். நீங்க அறுக்குறீங்களா, நான் அறுக்கவா?"

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில். அப்பா ஸ்டோரில் இருந்து சின்னக் குறடு ஒன்றைக் கொண்டுவந்து, சுடுதண்ணீரில் போட்டு எடுத்தார். இஸ்தோப்பில் உட்கார்ந்து என் தலையைத் தன் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வைத்துப் பிடித்தார். குறட்டில் மெசின் எண்ணெய் வாசம் போகவில்லை. அப்பாவின் கட்டைவிரல் தேயிலைத் தூளால் கறுத்திருந்தது. அது என் நாக்கை அழுத்திக்கொண்டிருந்தது. அம்மா என் காலைப் பிடித்திருந்தாள். பெரியம்மா பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆடாத சாமி. ஒரு நிமிசம். ஆடாத."

ரப்பர் அறுந்ததும் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. என் காதுக்குள் கேட்டது. அத்தனை மாதமாக இழுத்துக்கொண்டிருந்தது சட்டென்று நின்றது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிசம் எனக்குச் சுகமாக இருந்தது. அப்புறம் சங்கிலியை எவ்வளவு மேலே முடியுமோ அவ்வளவு மேலே நறுக்கினார். ரத்தம் வந்தது. அம்மா அந்தத் துண்டை மஞ்சள் துணியில் முடிந்து, ஸ்டோருக்குப் பக்கத்தில் இருக்கிற முனியாண்டி மரத்தில் கட்டிவிட்டு வந்தாள்.

மூன்று வாரத்தில் மாமா எழுந்து நடந்தார்.

காமாலை என்றால் பத்தியம் இருந்து, ஓய்வு எடுத்தால் அநேகமாகத் தெளிந்துவிடும் என்று பிறகு கேள்விப்பட்டேன். அன்றைக்கு யாருக்குத் தெரியும். அம்மா சங்கிலியை அறுத்தாள், தம்பி பிழைத்தான். லயத்தில் பெரிய மனுசிகளுக்குள் அதுதான் பேச்சு, உங்கள் அம்மாமார்களும் உங்களுக்குக் கேட்காமல் பேசியிருப்பார்கள்.

மெலிந்துபோய், ஒரு பனிஸ் பொட்டலத்தோடு மாமா வந்தார். "எங்க மருமகளே, தெற பாப்போம்" என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா நடந்ததைச் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை.

மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "என்னக்கா இப்பிடிப் பண்ணிட்ட. புள்ள எவ்வளவு வலியப் பட்டுச்சு. அந்த டொக்டர் மூஞ்சில நான் எப்பிடி முழிப்பேன்."

"நீ முழிச்சிட்டு இருக்கீல்ல. அது போதும்."

"அடுத்த மாசம் நான் கூட்டிட்டுப் போறேன். மறுபடி ஒட்டித் தரச் சொல்றேன்."

அம்மா பனிஸ் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மாமா என்னைப் பார்த்து, "அடுத்த மாசம் போவோம், என்ன?" என்றார். நான் தலையாட்டினேன்.

அடுத்த மாதம் பேக்கரியில் ஆள் இல்லை என்றார். அதற்கடுத்த மாதம் உடம்பு முடியவில்லை என்றார். தீபாவளி கழித்துப் போவோம் என்றார். நான் சுவெட்டரை எடுத்து வைத்துக்கொண்டு நின்ற காலையெல்லாம் இருக்கிறது. ஒரு வருசம் கழித்து நானும் கேட்பதை விட்டுவிட்டேன். அப்போது எனக்கு விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது, மாமாவுக்கும் பயம். அவர் படித்தவர் இல்லை, மஞ்சள் கண்ணோடு கட்டிலில் கிடந்து சாவைப் பார்த்தவர். அம்மா சொன்னதைக் கேட்டபோது அவர் முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை. பெருமூச்சு. நான் பார்த்தேன். அவர்மேல் எனக்கு இருக்கிற கோபம் எல்லாம் அந்த ஒரு பெருமூச்சுக்குத்தான். மனுசன் போய்விட்டார், கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

பல் பார்க்கிற மிஸ் மறுபடி பள்ளிக்கூடம் வந்தபோது என்னைத் தேடி வகுப்புக்கே வந்தார். அம்மாவையும் கூப்பிட்டு விட்டார்.

"ஏன் அம்மா கிளினிக் போறது இல்ல? பல்லு வந்தது தானே. பாவம் தானே இந்தப் பிள்ளை."

"வலி தாங்க மாட்டேங்குது மிஸ். ராவெல்லாம் அழுவுது" என்றாள் அம்மா.

மிஸ் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

நாக்கால் தொட்டுக்கொண்டேதான் இருந்தேன். உப்புக்கல் போல இருந்தது கொஞ்சம் கொஞ்சமாகக் கடுகு அளவானது. பிறகு சதை மூடிவிட்டது. கம்பியை அப்பா ஒருநாள் உருவி எடுத்துவிட்டார். பல்லில் ஒட்டியிருந்த சின்ன இரும்புகள் ஒவ்வொன்றாக விழுந்தன, ஒன்று ரொட்டியில், ஒன்று சோற்றில் கல் மாதிரி, ஒன்றை முழுங்கிவிட்டேன். பால் பல் இருந்த இடம் ஓட்டையாகவே நின்றது.

எட்டாம் வகுப்போடு நின்று டவுனில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போனேன். அங்கே இருக்கும்போதுதான், கொய்யாப்பழம் ஒன்றைக் கடித்தேன், முன்பல் பழத்தோடு போய்விட்டது. வலிக்கவே இல்லை. எடுத்துப் பார்த்தால் வேரே கிடையாது, கீழ்ப்பக்கம் மண் அரித்த கரை மாதிரி இருந்தது. டொக்டர் சொன்ன மாதிரியே. அதற்குப் பக்கத்துப் பல்லும் ஆடிக்கொண்டிருந்து, அடுத்த வருசம் விழுந்தது.

விசயம் கேட்டு மாமா கடைக்கு வந்தார். கட்டுப்பல் கட்டுகிற ஒருவரிடம் கூட்டிப்போனார். உள்ளே வராமல், ரோட்டோரத்தில் மழையில் நின்றார். நான் புதுப் பல்லோடு வெளியே வந்து சிரித்துக் காட்டினேன். "வடிவா இருக்கு" என்றார், அந்த யாழ்ப்பாணத்து டொக்டர் பேசுகிற மாதிரி. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பெண் பார்க்க வந்தார்கள். பூண்டுலோயாவிலிருந்து ஒரு குடும்பம். பேசும்போது நான் கையால் வாயை மூடிக்கொள்வதைப் பார்த்து அந்தப் பையனின் அம்மா, "புள்ளைக்கு வாயில என்ன?" என்று கேட்டார். கட்டுப்பல் என்று அம்மா சொன்னாள். இந்த வயதிலேயா என்றார். பிறகு தகவல் வரவில்லை. இன்னும் இரண்டு இடம் வந்தது, அவையும் அப்படித்தான். சந்தைக்குப் போன மாடு மாதிரிப் பல்லைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்று நான் ஒருநாள் அம்மாவிடம் கத்தினேன். அன்றைக்கும் அம்மா ஒன்றையே சொன்னாள். "ஒம் மாமன் உசுரோட இருக்கான்ல."

அந்த மாமா போன மாசி மாதம், பாண் ஏற்றிக்கொண்டு தோட்டத்து ரோட்டில் த்ரீவீலரில் வரும்போது, பனி மூட்டத்தில் வளைவு தெரியாமல் பள்ளத்தில் உருண்டார். பாண் எல்லாம் தேயிலைச் செடிமேல் சிதறிக் கிடந்தது. நான் போனபோது அவரை மேலே ஏற்றிவிட்டிருந்தார்கள். காது மடிப்பில் மாவு இருந்தது.

அம்மா அழவில்லை. மற்றப் பெண்கள் எல்லாம் மாரடித்து அழுகிறார்கள், அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியை மூடும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"ஒம் பல்லக் குடுத்துத்தான அவன வாங்குனேன். அது பத்தலயாடி?"

கருமாதி முடிந்த வாரம், அம்மா தானாகவே, "கண்டிக்குப் போவோம்" என்றாள். அம்மா அந்த ஆஸ்பத்திரியைப் பார்த்ததே இல்லை. ரயிலில் எனக்கு எதிரில் உட்கார்ந்து, நாவலப்பிட்டி வந்ததும், "இங்கதான் சுவெட்டரக் கழட்டுவியா?" என்று கேட்டாள். மாமா சொல்லியிருக்கிறார் போல.

பழைய டொக்டர் இல்லை. இளம் வயதுச் சிங்கள டொக்டர். படம் எடுத்து வெளிச்சத்தில் மாட்டினார். பல் அங்கேயேதான் இருந்தது. அப்பா நறுக்கியதில் மிஞ்சிய இரண்டு மூன்று கண்ணியும் அதன்மேல் வெள்ளையாகத் தெரிந்தது. டொக்டர் அதைப் பேனாவால் தொட்டு, யார் ஒட்டியது, ஏன் இடையில் நிறுத்தினீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார்.

"என்ன கேக்குறாரு?" என்றாள் அம்மா.

"வலிக்குதான்னு கேக்குறாரு."

"வலியெல்லாம் இல்லன்னு சொல்லு. இப்ப இழுக்கச் சொல்லு. இனி பயமில்ல, இழுத்தா யாருக்கும் ஒண்ணும் ஆவாது, எந்தம்பி போயிட்டான்னு சொல்லு."

இழுக்க முடியுமா என்று மட்டும் நான் கேட்டேன். டொக்டர் இல்லை என்று தலையாட்டினார். இவ்வளவு காலம் கிடந்ததில் பல் எலும்போடு எலும்பாகச் சேர்ந்துவிட்டது, இனி எந்தக் கம்பி போட்டு இழுத்தாலும் மற்றப் பல்தான் அசையும், இது அசையாது என்றார். அந்த வயதில் விடாமல் வந்திருந்தால் இறங்கியிருக்கும் என்றார். அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

"வராதாம்மா" என்றேன்.

அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. மலையில் கூடை தூக்கிவிடும்போதும், பஸ்ஸில் சன்னல் திறக்கும்போதும் கேட்டுப் பழகிய நாலைந்து வார்த்தைதான். அவள் நாற்காலியிலிருந்து முன்னால் நகர்ந்து, இரண்டு கையையும் கும்பிட்டு, தானே டொக்டரிடம் பேசினாள்.

"அதின்ன மாத்தயா. அதின்ன."

இழுங்க ஐயா, இழுங்க என்று அர்த்தம்.

டொக்டர் என்னைப் பார்த்தார். அவர் படத்தைக் கழற்றி உறையில் போட்டு என் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார். ஒரு தாய் சின்னப் பிள்ளையோடு உள்ளே வந்து, இடம் இல்லாமல் நின்றாள்.

அம்மா எழுந்திருக்கவில்லை.